தாண்டிப்போன இரண்டு நொடி

எனக்குக் கோபம் வந்தால் முதல் அடி என் கம்ப்யூட்டருக்குத்தான். மவுஸை மேசையில் குத்துவேன். சிபியு பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைவேன். அறைந்த பிறகு சில சமயம் ஓடும். அறைந்ததால் ஓடவில்லை என்று தெரியும், ஆனாலும் கை கேட்காது. என் வீட்டுக்காரர் ஒருமுறை, "அது இன்னா பாவம் பண்ணிச்சு, என்னை அடிச்சிட்டுப் போயேன்" என்றார். அதையும் செய்திருக்கிறேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் எங்கள் வீடு. ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் நாலு வருஷம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே பீரோவுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். குப்பத்தில் கல்யாணமோ, மஞ்சள் நீராட்டோ, புதுப் படகு இறக்குவதோ, எதுவானாலும் எடுத்த படம் என் மேசைக்குத்தான் வரும்.

வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து தங்கல் போட்டில் போகிறவர். போனால் கரை திரும்பப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அவருடைய தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான். நான் கல்யாணமாகி வந்தபோது ஸ்கூல் பையோடு வாசலில் நின்றவன், இப்போது சொந்த ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். என்னை அண்ணி என்பான். கோபத்தில் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. எங்கள் வீட்டில் முன்கோபம் இல்லாதது பூனை ஒன்றுதான். கொழுந்தன் மதியம் கரைக்கு வந்து சாப்பிட்டதும் என் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு நான் வேலை செய்வதைப் பார்ப்பான். "மாப்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோஸ் கலரு, மத்தி மீன் மாதிரி கீறான்" என்று கிண்டல் செய்வான். காலால் ஒரு உதை விடுவேன்.

இது நடந்த வருஷம் கேமராக்காரர்கள் எல்லாரும் புதுக் கேமராவுக்கு மாறினார்கள். ஃபோர்-கே. படத்தில் மீன் செதிலை எண்ணலாம். ஆனால் அந்த ஃபைலை நன்றாக அழுத்திச் சுருக்கி வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துக் காட்டுவதற்குள் என் பழைய மெஷினுக்கு மூச்சு முட்டிவிடும். எடிட் செய்கிறபோது பிரிவ்யூவில் படம் சிக்கிச் சிக்கி ஓடும். பெண் தலை குனிவாள், அப்படியே நிற்பாள், அடுத்துப் பார்த்தால் தாலி கழுத்தில் ஏறியிருக்கும்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். படம் நின்றாலும் சத்தம் நிற்காது. மேளம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். சத்தத்தோடு சேர்ந்து ஓட முடியாத படம், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவிச் சேர்ந்துகொள்ளும். விட்டுவிட்டேன் என்று அது வாய் திறந்து சொல்லாது. மூலையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி மஞ்சளாக மாறும், அவ்வளவுதான். அதைப் பார்க்கத் தெரிந்தவள் குப்பத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குப்பத்தில் மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டால் பேண்டு செட் ஒவ்வொரு பங்காளி வாசலிலும் நின்று ஒரு பாட்டு அடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். சாவு விழுந்த வாசலைத்தான் பேண்டு நிற்காமல் கடக்கும். நல்லா இருக்கிற வீட்டைத் தாண்டிப் போனால், உன் வீட்டில் பிணம் கிடக்கிறது என்று சொன்னதாக ஆகிவிடும். நான் சொல்ல வந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை என் கொழுந்தனின் தோஸ்து. பேண்டுக்காரர்கள் வெளியூர். பொழுது சாய்கிற நேரம், நெரிசல் வேறு. எங்கள் தெருவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து இருக்கிற ஒரு வீட்டு வாசலை நிற்காமல் தாண்டிவிட்டார்கள்.

தம்பிக்காரன் ஓடி வந்து டிரம் அடிக்கிறவனின் சட்டையைப் பிடித்தான். "என் வூட்ல எவன்டா செத்தான்?" என்று கேட்டான், கேட்டுக்கொண்டே அறைந்தான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். டிரம்மின் தோல் கிழிகிற சத்தம் கேட்டது. நாற்காலி பறந்தது. ஒரு கிழவரின் வேட்டியைப் பிடித்து இழுத்துச் சாய்த்தார்கள். நான் பின்னால் சீர்த்தட்டுப் பெண்களோடு நின்றிருந்தேன். எனக்கு ஆண்களின் முதுகுதான் தெரிந்தது. ஒருவன் தடுமாறி வந்து என் தட்டில் விழுந்தான். யார் என்றுகூடப் பார்க்காமல் கன்னத்தில் ஒன்று கொடுத்தேன். தட்டுகள் எல்லாம் சரிந்து வெற்றிலை, பழம், தேங்காய் தெருவில் ஓடின. அப்போது ஒரு அலறல் கேட்டது, கூட்டம் விலகியது.

அந்தத் தம்பிக்காரன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். விரல் இடுக்கில் ரத்தம். அவன் எதிரே என் கொழுந்தன் நின்றிருந்தான். அவன் கையில் லைட் ஸ்டாண்டின் இரும்புக் குழாய் இருந்தது. அடித்ததை யாரும் பார்க்கவில்லை, நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு கண் போய்விட்டது என்று அனுப்பினார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணிலிருந்து ஆரம்பித்து எல்லாரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஊரிலேயே பேசி முடிப்போம் என்றார் எங்கள் நாட்டார். குப்பத்துக்குத் தலைவர் அவர்தான். என் கொழுந்தன் நான் அடிக்கவில்லை என்றான். அடிபட்டவனின் அண்ணன், நீதான் அடித்தாய் என்றான். "வீடியோ கீதில்ல, போட்டுப் பாத்துட்டுப் பேசலாம்" என்று நாட்டார் சொல்லிவிட்டார். அந்தக் கலாட்டாவிலும் கேமராக்காரர் ஓடாமல் ஒரு திண்டு மேல் ஏறி நின்று எடுத்திருந்தார். கார்டு என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு சமுதாயக் கூடத்தில் கூட்டம். பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனால் அங்கே இருந்த பெரிய டிவி அந்த ஃபைலை ஏற்கவில்லை. ஆட்டோ வைத்து சிபியுவையே தூக்கிக்கொண்டு போனேன். கரண்ட் இறங்கி இறங்கி வந்தது. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்ற, மேசைக்கு அடியில் என் பெட்டி லாரி மாதிரி இரைந்தது. வீட்டில் சின்ன மானிட்டரிலேயே திணறுகிற மெஷின், இத்தனை பெரிய டிவிக்கு என்ன செய்யும்? எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓடவிட்டேன்.

ஆண்கள் பெஞ்சில், பெண்கள் ஜன்னலுக்கு வெளியே. படத்தில் பேண்டு அடிக்கிறது. சண்டை ஆரம்பிக்கிறது. என் கொழுந்தன் லைட் ஸ்டாண்டைப் பிடுங்கி, குழாயைத் தலைக்கு மேல் ஓங்குகிறான். படம் நின்றது. பேண்டு சத்தம் மட்டும் தடையில்லாமல் ஓடியது. மறுபடி படம் வந்தபோது தம்பிக்காரன் தரையில் கிடந்தான், என் கொழுந்தன் குழாயோடு நின்றான். கூடமே ஒரு சத்தம் போட்டது.

"இன்னொரு வாட்டி" என்றார்கள். மறுபடியும் அதே இடத்தில் அப்படியே. மூலையில் புள்ளி மஞ்சளாக மாறியதைப் பார்த்தேன்.

"அண்ணி, சிக்குது," என்றான் என் கொழுந்தன். கூட்டத்துக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "ஒவ்வொண்ணா தள்ளிக் காட்டு அண்ணி."

அம்புக்குறி பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு படமாக நகரும், எதுவும் விட்டுப்போகாது. ஒரே ஒரு பட்டன். என் விரல் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அண்ணன்காரன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "பாத்தியாயா? அண்ணியும் கொழுந்தனும் வூட்லயே பேசி வெச்சிகினு வந்துகீறாங்க. மிஷின் சிக்குதாம். டப்பா பொட்டிய தூக்கினு வந்து டபாய்க்கிறாங்க." யாரோ சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், அவ வூட்டு ஆளு, அவ எப்டி வுட்டுக்குடுப்பா என்றது என் காதில் தெளிவாக விழுந்தது.

நாட்டார் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "நீ சொல்லும்மா. இந்த வேல ஒனக்குத்தான் தெரியும். மிஷின் சிக்குதா, இல்ல இருக்கறதே அவ்ளோதானா?"

"சிக்கல," என்றேன். "இருக்கறதே அவ்ளோதான்."

ஏன் சொன்னேன் என்று ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். டப்பா பெட்டி என்றது ஒரு காரணம். சொந்தக்காரனைக் காப்பாற்றுகிறாள் என்றது அதைவிடப் பெரிய காரணம். என் இரண்டு காதும் சூடாகிவிட்டன. நான் யாருக்கும் வளைந்துகொடுக்காதவள் என்று அத்தனை பேருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது. நேர்மையானவள் என்று பெயர் எடுப்பதற்காகப் பொய் சொன்னேன். இன்னொன்றும் உண்டு. அவன்தான் அடித்திருப்பான் என்று நானும் நினைத்தேன். அவன் கோபம் எனக்குத் தெரியாதா?

"அவன் வூட்டுப் பொம்பளயே சொல்லிடுச்சு, இன்னும் இன்னாயா பேச்சு?" என்று அண்ணன்காரன் பாய்ந்தான். முதல் குத்து வாயில் விழுந்தது. நாலு பேர் என் கொழுந்தனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நாட்டார் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் போதும் என்றார். அதற்குள் அண்ணன்காரன் மூலையில் சாய்த்து வைத்திருந்த துடுப்பை எடுத்துவிட்டான். குழாய் பிடித்த கையை நீட்டுடா என்றான். இரண்டு பேர் அந்தக் கையைச் சிமெண்டுத் திட்டில் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். மூன்று அடி. இரண்டாவது அடியில் எலும்பு உடைகிற சத்தம் ஜன்னல் வரை கேட்டது. மூன்றாவது அடி அதே இடத்தில் விழுந்தது.

அவன் கத்தவில்லை. உதட்டில் ரத்தத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் நான் நிறுத்த மறந்த பேண்டு அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் கடலில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. அவன் படகை மேட்டுக்கு இழுத்து வைத்தார்கள், எஞ்சினைக் கழற்றிக் கூடத்தில் பூட்டினார்கள். ஆஸ்பத்திரியில் படகில் விழுந்ததாகச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இடது கையால் சாப்பிடப் பழகினான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் மாதிரி என் பின்னால் வந்து படுப்பதும் நின்றுபோயிற்று.

என் வீட்டுக்காரர் கரை திரும்பியபோது காசிமேட்டிலேயே செய்தி கேட்டுவிட்டார். மீன் பையைக் கீழே வைக்காமலே தம்பியை ஓங்கி அறைந்தார். "ஒருத்தன் கண்ண எடுத்துட்டு வந்து என் வூட்ல சோறு துன்னுகினு கீறியா?" பை அறுந்து வஞ்சிர மீன் துண்டுகள் தரையில் சிதறின. இன்னொரு அறை விழுந்தது. அவன் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றான். அண்ணி சொன்னதால்தான் அடித்தார்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். குழம்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

பத்து நாளில் அவர் மறுபடி கடலுக்குப் போனார். கல்யாண வீட்டிலிருந்து போன் மேல் போன். சண்டையை வெட்டிவிட்டு, ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வருகிற பாட்டையாவது சீக்கிரம் கொடு என்றார்கள். நான் உட்கார்ந்தேன். பாட்டின் தாளத்துக்குப் படத்தை வெட்ட வேண்டும், மெஷின் சிக்கினால் தாளம் எங்கே பிடிப்பது? அப்போதுதான் இதைச் சரி செய்ய வேண்டும் என்று எனக்கு உறைத்தது. நியாயத்துக்காக அல்ல, வேலை முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

முதலில் பிரிவ்யூ தரத்தை முழுசிலிருந்து பாதியாக்கினேன், பிறகு கால்வாசி. முகம் எல்லாம் மங்கியது, சிக்கல் போகவில்லை. பின்னால் திறந்து கிடந்த மற்ற வேலைகளை எல்லாம் மூடினேன். பழைய கல்யாணங்களுக்காக மெஷின் சேர்த்து வைத்திருந்த தற்காலிக ஃபைல்கள் டிரைவை அடைத்துக்கொண்டு கிடந்தன, மொத்தத்தையும் அழித்தேன். கொஞ்சம் தேறியது. வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து படத்தை மெஷினுக்குள்ளேயே மாற்றினேன். பத்து நிமிஷம் ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. பத்து நிமிஷம் என்றால் சூடுதான் என்று ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். உள்ளே விசிறிக்கும் அதன் கீழே இருக்கிற தகடுகளுக்கும் நடுவில் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து சாம்பல் நிறப் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். ஒரு கை நிறைய வந்தது. இந்தப் பெட்டியைத்தான் ஓடு ஓடு என்று நான் அறைந்துகொண்டிருந்தேன்.

அப்புறமும் அந்த ஃபோர்-கே ஃபைல் மட்டும் அடங்கவில்லை. ராயபுரம் ஸ்டுடியோவில் என்னோடு வேலை செய்த பெண்ணுக்குப் போன் போட்டேன். "ப்ராக்ஸி போடலயா நீ?" என்று கேட்டு அவள் சிரித்தாள். பெரிய ஃபைலுக்கு ஒரு சின்ன நகல் செய்துகொள்வது, அவ்வளவுதான். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் நகலில் நடக்கும், கடைசியில் மெஷின் அசலை எடுத்துக்கொள்ளும். கேள்விப்பட்டிருந்தேன், யார் காத்துக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டேன். நகல் ஆவதற்கு ஒரு மதியம் பிடித்தது. நான் அதற்குள் மீன் கழுவி, குழம்பு வைத்து, துணி துவைத்து முடித்தேன்.

திரும்பி வந்து ஓடவிட்டதும் படம் தண்ணீராக ஓடியது. சந்தோஷத்தில் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தேன். பேண்டு அந்த வாசலைத் தாண்டியது. தம்பிக்காரன் சட்டையைப் பிடித்தான். என் கொழுந்தன் குழாயை ஓங்கினான். இந்த முறை படம் நிற்கவில்லை.

குழாய் தலைக்கு மேலேயே இருக்கிறது. அவனுக்குப் பின்னால் அண்ணன்காரன், கீழே உருண்டு கிடந்த சீர்த் தேங்காய் ஒன்றை எடுத்து, பந்து எறிகிற மாதிரி என் கொழுந்தன் தலைக்குக் குறி வைத்து எறிகிறான். எறிந்ததுமே யாரோ அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுக்கிறார்கள், அவன் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறான். பின்னால் நடப்பதைப் பார்க்காத என் கொழுந்தன், அடிக்க வாகாகத் தலையைச் சாய்க்கிறான். தேங்காய் அவன் காதைத் தாண்டிப் போய் எதிரே குழாயையே பார்த்துக்கொண்டு நின்ற தம்பிக்காரனின் கண்ணில் விழுகிறது. அவன் சரிகிறபோதும் குழாய் மேலேதான் இருக்கிறது.

அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இரண்டு நொடி. ஐம்பது படம். அதற்குப் பிறகும் தள்ளினேன். ஆண்களின் கால்களுக்கு நடுவே தேங்காய் உருண்டு வருகிறது. பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி குனிந்து அதை எடுத்து, முந்தானையால் துடைத்துத் தட்டில் வைக்கிறாள். முகம் தெரியவில்லை. முகம் எதற்கு? அந்தப் புடவை என் பீரோவில்தான் இருந்தது. மறுநாள் கறி விருந்துக்கு அந்தத் தட்டுத் தேங்காய்களை உடைத்து அரைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

நெற்றியை மேசையில் மோதினேன், வலித்தது, மறுபடி மோதினேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது போதவில்லை. பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைக் காட்டினால் அன்று நான் சொன்னது என்ன ஆகும்? உள் அறையில் அவன் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், சட்டையோடு சேர்த்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான். நான் விரலை எடுத்தேன்.

முடிந்த பஞ்சாயத்தை மறுபடி கூட்ட முடியாது என்றார் நாட்டார். அவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு உதை விட்டேன், அது வாசலில் போய் விழுந்தது. "கூட்றீங்களா, இல்ல தெருவுல டிவி வெச்சுப் போடட்டா?" என்றேன். கூட்டினார்.

அடுத்த ஞாயிறு, அதே கூடம். ஒரு கண்ணில் கட்டோடு தம்பிக்காரன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அண்ணன். முதலில் ஓடவிட்டேன், பிறகு அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். தேங்காய் கையை விட்டுக் கிளம்பிய இடத்தில் பின் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அது போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாரும் அண்ணன்காரன் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றான் தம்பிக்காரன். போட்டேன். "இன்னொரு வாட்டி." மூன்றாவது முறை முடிந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். அண்ணனின் முகத்தில், தலையில், கழுத்தில், செருப்பு பிய்ந்துபோகும் வரை அடித்தான். ஒரு கண் இல்லாததால் பாதி அடி பெஞ்சில் விழுந்தது. அது அவன் வெறியை இன்னும் ஏற்றியது. அண்ணன் கையைத் தூக்கவில்லை. நான் பாக்கலடா, எங்க வுழுந்துச்சுன்னு நான் பாக்கவேயில்லடா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் இரும்பு கேட்டில் தலையை மோதினான். நாலு பேர் பிடித்து இழுக்கிறவரை மோதினான். எனக்குப் பாவமாக இல்லை. துடுப்பு இப்போதும் அந்த மூலையில்தான் சாய்ந்திருந்தது.

நாட்டார் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு சிக்கலன்னு சொன்னியேம்மா?"

"அன்னிக்குத் தெரியலீங்க," என்றேன். "இப்பதான் கண்டுபுடிச்சேன்."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் என்னைப் பாராட்டினார்கள். கொழுந்தனுக்காக ராவும் பகலும் பாடுபட்டாளாம். ஒருத்தி கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தார்கள், படகைத் தள்ளி இறக்கி வைத்தார்கள்.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள் அவன் படகுக்குப் போனான். நான் கரையில் நின்று பார்த்தேன். எஞ்சினைக் கிளப்ப ஒரு கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். வலது கையால் பிடித்தான், விரல்கள் பாதிதான் மடங்கின, கயிறு வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி, மறுபடி. இடது கை இழுப்புக்கு எஞ்சின் அசையவில்லை. கடைசியில் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தான், பிறகு எஞ்சினைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று மதியம் சோறு போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு என் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான்.

"அத்த போடு அண்ணி. அந்த எடத்தப் போடு."

போட்டேன். குழாய் தலைக்கு மேல் இருக்கிற படத்தில் நிறுத்தச் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தான்.

"அந்தத் தேங்கா வரலன்னா நான் எறக்கியிருப்பேன் அண்ணி," என்றான். "மண்டைய ஒடச்சிருப்பேன். யார்கிட்டயும் சொல்லல. ஒன்கிட்டதான் சொல்றேன்."

அவன் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அன்னிக்கு சிக்கிச்சுடா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிக்கலன்னு சொன்னேன்."

பின்னால் தட்டில் விரல் நகரும் சத்தம் நின்றது. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"தெரியும்," என்றான். "அந்த மஞ்சப் புள்ளி வந்துச்சே. நீதான ஒருவாட்டி காட்டிக் குடுத்த."

நான் திரும்பினேன். எப்போது காட்டினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

"அப்ப ஏன்டா சொல்லல? அவ்ளோ பேரு முன்னாடி அத்தச் சொல்லியிருக்கலாமே?"

அவன் இடது கையால் சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது, அதைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்," என்றான்.